பதினைந்து நிமிஷ தர்மம்

காய்கறிக் கடைக்காரன் தன் எடைக்கல்லைத் தானே செய்துகொள்ள முடியாது. கல்லுக்குச் சர்க்கார் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் அதிகாரி வருவார், அபராதம் போடுவார், கல்லைப் பறிமுதல் செய்துகொண்டு போவார். பெட்ரோல் பங்க்கில் இருக்கிற மீட்டருக்கும், ஆட்டோவில் இருக்கிற மீட்டருக்கும் இதே நியாயம்தான். ஒரு கிலோ கத்தரிக்காயில் ஐம்பது கிராம் குறையாமல் இருப்பதற்கு இத்தனை ஏற்பாடு செய்து வைத்திருக்கிற நாட்டில், மனிதர்களின் பொழுதைக் கையாளுகிற ஒரு வியாபாரம் மாத்திரம் தன் எடைக்கல்லைத் தானே வார்த்துக்கொள்கிறது. ஆகாய விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையைத்தான் சொல்கிறேன்.

மாதா மாதம் பத்திரிகையில் ஒரு செய்தி வருகிறது. இன்ன கம்பெனி நேரம் தவறாமையில் முதலிடம், அதன் விமானங்களில் நூற்றுக்கு இத்தனை சரியான நேரத்துக்கு ஓடின, சென்ற மாதத்தைவிட இது இவ்வளவு முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள். முதலிடம் பெற்ற கம்பெனி அதையே விளம்பரமாகப் போட்டுக்கொள்கிறது. நாமும் படித்துவிட்டு, 'பரவாயில்லையே, நாடு முன்னேறுகிறது' என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த எண் எதனை எதனோடு ஒப்பிட்டு வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். சரியான நேரம் என்றால், யார் வைத்த நேரம்?

விமானம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று அட்டவணை போடுகிறவர் கம்பெனிக்காரர். அந்த அட்டவணையை அவர் காப்பாற்றினாரா இல்லையா என்பதைத்தான் சர்க்கார் எண்ணிச் சொல்கிறது. அட்டவணையே நியாயமானதா என்று எடை போட்டுப் பார்ப்பதில்லை. பரீட்சை எழுதுகிற பையனே கேள்வித்தாளைத் தயாரித்துக்கொள்கிறான். வாத்தியார் விடைத்தாளை மாத்திரம் வெகு கண்டிப்பாகத் திருத்துகிறார். பையன் முதல் வகுப்பில் தேறுவதில் என்ன ஆச்சரியம்?

இந்தக் கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1978-ம் வருஷம் விமானத் தொழிலின் மீதிருந்த சர்க்கார் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விமானங்களைப் பெருக்கின. பெரிய நிலையங்களில், எல்லாரும் விரும்புகிற அதே காலை வேளையிலும் மாலை வேளையிலும், ஓடுபாதை தாங்காத அளவுக்கு விமானங்களை அட்டவணையில் நெருக்கினார்கள். 1980-களின் நடுவில் தாமதம் சகிக்க முடியாமல் போயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். 1987-ல் அந்நாட்டுப் போக்குவரத்து இலாகா ஒரு விதி செய்தது: பெரிய கம்பெனிகள் மாதந்தோறும் தங்கள் நேரக் கணக்கைக் கொடுக்க வேண்டும், அது பகிரங்கமாக வெளியிடப்படும். கம்பெனிகளுக்கு வெட்கம் வரட்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த விதியில் ஒரு சலுகை வைத்தார்கள். அட்டவணை நேரத்துக்குப் பிறகு பதினைந்து நிமிஷம் ஆவதற்குள் வந்துவிட்டால், அது சரியான நேரம். பதினாலு நிமிஷம் பிந்தி வந்தவன் பிந்தியவன் அல்ல! அந்தப் பதினைந்து நிமிஷந்தான் இன்று உலகம் முழுவதும் விமானத் தொழிலின் பொது தர்மமாக இருக்கிறது.

வெட்கம் வந்ததா? வந்தது. ஆனால் வெட்கம் வந்தவன் திருந்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வேலையைச் சரியாகச் செய்வது. இன்னொன்று, வாக்கைத் தளர்த்திக்கொள்வது. இரண்டாவது வழியில் செலவு குறைவு. ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு பயணத்துக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். சென்னைக்கும் டில்லிக்கும் வானத்து வழி சுமார் 1,760 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை உருண்டு போவது எல்லாவற்றுக்கும் இடம் விட்டாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டிய காரியம். அட்டவணையைப் பாருங்கள், ஏறத்தாழ மூன்று மணி நேரம் போட்டிருக்கும். மிச்சத்தில் ஒரு பகுதி டில்லி வானத்து நெரிசலுக்காக. ஒரு பகுதி, கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. கத்தரிக்காய்க்காரன் நமக்குக் கறிவேப்பிலை கொசுறு கொடுப்பான். விமானக் கம்பெனி நம்மிடமிருந்து நிமிஷங்களைக் கொசுறு எடுத்துக்கொள்கிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. தாம்பரத்தைத் தாண்டிய பிறகு எழும்பூர் வந்து சேருவதற்கு ரயில்வே அட்டவணை கொடுக்கிற தாராளமான நேரத்தைத் தென் ஜில்லாக்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆனால் ரயில்காரர் அதற்காக யாரிடமும் பெருமை அடித்துக்கொள்வதில்லை. விமானத்திலோ, சக்கரம் தரையைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் ஒரு குரல், 'குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்' என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறது. பிரயாணிகளும் மகிழ்கிறார்கள். சிலர் கை தட்டுகிறார்கள். தன் பையிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தவனுக்குக் கும்பிடு போடுகிற மாதிரி இருக்கிறது இது.

இதனால் விளைகிற பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன்பும் நூற்றுக்கு எண்பது விமானம் சரியான நேரம். இன்றும் நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புஸ்தகம், 'நிலைமை மோசமாகவில்லை' என்று சொல்லும். இந்தப் பத்து வருஷத்தில் அதே ஊருக்குப் போகிற பயணம் கால் மணி நேரம் நீண்டுவிட்டது என்பதை அந்தப் புஸ்தகம் சொல்லாது. தாமதம் ஒழிந்துவிடவில்லை. அதற்கு அட்டவணையில் பட்டா எழுதிக் கொடுத்து நிரந்தரமாகக் குடிவைத்துவிட்டார்கள்.

புஸ்தகம் சொல்லாத விஷயங்கள் இன்னும் உண்டு. அமெரிக்கக் கணக்கில் விமானம் நிலையத்து வாயிலை விட்டு நகர்ந்துவிட்டால் புறப்பட்டதாக அர்த்தம். பிறகு ஓடுபாதை ஓரத்தில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும், புறப்பாட்டில் தாமதம் இல்லை. ரத்து செய்யப்பட்ட விமானத்துக்குத் தாமத நிமிஷமே கிடையாது. வராத விமானம் எப்படி பிந்தி வரும்? நாற்பது நிமிஷம் பிந்திய விமானத்தில் வந்தவன், அடுத்த விமானத்தைத் தவறவிட்டு ஓர் இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், கணக்கில் ஏறுவது அந்த நாற்பது நிமிஷம் மட்டுமே. விமானங்களை எண்ணுகிறார்கள், ஐயா! மனிதர்களை எண்ணுவதில்லை.

சரி, ஏன் தாமதம் என்று கேட்டால் என்ன பதில்? அமெரிக்காவில் 2003 ஜூன் மாதத்திலிருந்து காரணத்தையும் ஐந்து கட்டங்களில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியின் தவறு ஒன்று. கடுமையான வானிலை ஒன்று. வானத்து நெரிசலும் கட்டுப்பாடும் ஒன்று. பாதுகாப்புச் சோதனை ஒன்று. ஐந்தாவது கட்டம்தான் ரசமானது: 'முந்தைய பயணத்திலிருந்து விமானம் பிந்தி வந்தது.' பிந்தியது ஏன்? பிந்தி வந்ததால்! சமீப வருஷங்களில் தாமத நிமிஷங்களில் மிகப் பெரிய பங்கு, ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது, இந்தக் கட்டத்தில்தான் விழுகிறது. கடுமையான வானிலை என்ற கட்டத்தில் நூற்றுக்குப் பத்துகூட விழுவதில்லை. சாதாரண மழையும் மேகமும் நெரிசல் கட்டத்தில் கலந்திருக்கின்றன என்பது உண்மைதான். அதைச் சேர்த்துப் பார்த்தாலும், ஆகாயத்தின் மேல் நாம் போடுகிற பழி ஆகாயம் செய்த குற்றத்தைவிட அதிகம்.

முந்தைய விமானம் பிந்தி வருவது தெய்வச் செயல் அல்ல. ஒரு விமானத்தை ஒரு நாளில் ஐந்து ஆறு முறை பறக்கவிடுகிறார்கள். ஓர் ஊரில் இறங்கி, ஜனங்களை இறக்கி, குப்பை கூட்டி, எண்ணெய் ஊற்றி, மறுபடி ஜனங்களை ஏற்றிக் கிளம்புவதற்கு அரை மணி நேரம். காலையில் ஒரு ஊரில் பத்து நிமிஷம் பிசகினால், அது சாயங்காலத்துக்குள் பெருகி ஒரு மணி நேரமாகிவிடும். அதனால்தான், விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலை விமானத்தில் போ என்கிறார்கள். தரையில் நிற்கிற விமானம் சம்பாதிக்காது. ஆகவே நிற்கவிடக் கூடாது என்பது கம்பெனியின் கணக்கு. லாபக் கணக்கில் அது சரி. ஆனால் பிசகுவது நிச்சயம் என்று தெரிந்தே போட்ட திட்டம் பிசகும்போது, 'தவிர்க்க முடியாத காரணம்' என்று அறிவிக்கிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

பனிமூட்டத்துக்கு வருவோம். டில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பனி மூடும். இது முகலாயர் காலத்திலும் மூடியது. திடீரென்று வந்த விருந்தாளி அல்ல. ஐம்பது மீட்டர் தூரம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நிலையிலும் விமானத்தை இறக்கக்கூடிய கருவிகள் டில்லி நிலையத்தில் இருக்கின்றன. அந்தப் பனியில் இறக்குவதற்குத் தனிப் பயிற்சி பெற்ற விமானி வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் பல விமானங்கள் டில்லியில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பனி, பனி என்றார்கள். பிறகு விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரித்து, அந்தப் பயிற்சி பெற்ற விமானிகளை அந்த வேளைக்குப் போடவில்லை என்று கண்டு, 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா ரூ. 30 லட்சம் அபராதம் விதித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இங்கே ஆடத் தெரிந்தவளும் இருந்தாள்; அவளை மேடைக்கு அனுப்பவில்லை.

அந்த ஜனவரி மாதத்திலேயே, கோவாவிலிருந்து டில்லிக்குக் கிளம்பி மும்பைக்குத் திருப்பப்பட்ட ஒரு விமானத்துப் பிரயாணிகள், விமானத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. சிலர் சிரித்தார்கள். படித்தவர்கள் இப்படியா நடந்துகொள்வது என்று சிலர் கோபித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. கோபமும் அவர்கள் மேல் வரவில்லை. மணிக்கணக்காக அடைபட்டுக் கிடந்த மனிதன், வெளிக்காற்றுக் கிடைத்த இடத்தில் உட்காருவான். அந்தச் சம்பவத்துக்காகக் கம்பெனிக்கு ரூ. 1.2 கோடியும், மும்பை நிலையத்துக்கு ரூ. 90 லட்சமும் அபராதம் போட்டார்கள். பாதுகாப்பு விதியை மீறிய குற்றத்துக்காக! அவர்களை அத்தனை நேரம் காக்க வைத்த குற்றத்துக்கு என்ன அபராதம் என்று நான் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

அடுத்தது நெரிசல். இதுவும் இயற்கை அல்ல என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே லாகார்டியா நிலையத்தில் மணிக்கு இத்தனை விமானம்தான் என்று 1969 முதல் ஒரு வரம்பு இருந்தது. 2000-ல் ஒரு புதிய சட்டம் சிறிய விமானங்களுக்கும் சிற்றூர்ச் சேவைகளுக்கும் அந்த வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. உடனே கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் விமானங்களைக் கொண்டுவந்து நுழைத்தன. சில மாதங்களுக்குள், அமெரிக்கா முழுவதிலும் நேர்ந்த தாமதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்த ஒரு சிறிய நிலையத்தில் நேர்ந்தது. கடைசியில் சர்க்கார் குலுக்கல் போட்டு, விலக்குகளைக் குறைத்துப் பங்கிட்டது. மழை மாறவில்லை, காற்று மாறவில்லை, சட்டத்தில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

நம் மும்பையின் கதையும் இதேதான். அங்கே இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஆகையால் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். ஒற்றை ஓடுபாதையில் 2018 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ஏற்றி இறக்கி உலக சாதனை என்று மார்தட்டினார்கள். சாதனைதான், யாருடைய செலவில்? 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்காரே வாய் திறந்து சொல்லிற்று: மும்பை வானத்தில் விமானங்கள் நாற்பது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒரு விமானம் நாற்பது நிமிஷம் சுற்றினால் சுமார் 1.7 கிலோலிட்டர் எரிபொருள், அதாவது ஏறக்குறைய ரூ. 1.8 லட்சம் புகையாகிறது. நிலையத்தார் அளவுக்கு மீறி விமானங்களுக்கு இடம் கொடுத்ததே காரணம் என்று. நெரிசல் வேளையில் மணிக்கு 46 விமானம் என்பதை 44 ஆகக் குறைக்க உத்தரவு போட்டது. அதாவது, தாமதத்தின் காரணம் அரசாங்கத்துக்குத் தெரியும். குறைக்கும் வழியும் தெரியும். நவி மும்பையில் புதிய நிலையம் 2025 டிசம்பரில் இயங்கத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் இடம் கொடுப்பவர்களின் ஆசைக்கு வரம்பு போடாவிட்டால், இரண்டு நிலையங்களின் மேல் சுற்றுவோம்.

இத்தனைக்கும் செலவு யார் தலையில் விழுகிறது? அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்நாட்டு விமான நிர்வாகத்துக்காகக் கணக்குப் போட்டு 2010-ல் வெளியிட்டன. 2007-ம் வருஷத்தில் விமானத் தாமதத்தால் அந்த நாட்டுக்கு 3,290 கோடி டாலர் நஷ்டம். அதில் கம்பெனிகளின் தலையில் விழுந்தது 830 கோடி. பிரயாணிகளின் தலையில் விழுந்தது 1,670 கோடி, பாதிக்கு மேல். தாமதத்தை உண்டாக்குகிறவனைப்போல் இரண்டு மடங்கு அதை அனுபவிக்கிறவன் சுமக்கிறான். அப்புறம் ஏன் தாமதம் குறையும்?

நம் நாட்டு விதி என்ன கொடுக்கிறது? இரண்டரை மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்தினால் சிற்றுண்டி. ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானம், அல்லது டிக்கெட் பணம். இரவு வேளையில் அப்படி நேர்ந்தால் ஹோட்டல் அறை. விமானத்தை ரத்து செய்தால் சில சந்தர்ப்பங்களில் ரூ. 5,000 முதல் ரூ. 10,000 வரை நஷ்ட ஈடு உண்டு. வெறும் தாமதத்துக்கு ரொக்கமாக ஒரு காசும் இல்லை. எத்தனை ஆயிரம் பேர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள், அவர்களுக்காக எவ்வளவு செலவாயிற்று என்று மாதாந்தர அறிக்கையில் ஒரு பட்டியல் வருகிறது. அந்தச் செலவில் பெரும்பாலும் சிற்றுண்டிதான்.

அந்தச் சிற்றுண்டியை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய நிலையத்தில், இரவு வேளையில், திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போக வேண்டிய வாலிபன். வளைகுடா நாட்டில் வெல்டர் வேலை. தகப்பனார் இறந்துபோனார் என்று கேட்டு, மேஸ்திரியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். தலைப்பிள்ளை. அறிவிப்புப் பலகை முதலில் இருபது நிமிஷம் என்றது. பிறகு நாற்பது. பிறகு ஒன்றேகால் மணி. இப்படியே தவணை முறையில் நாலரை மணி நேரம் ஆயிற்று. நாலரை மணி நேரம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இன்னொரு விமானத்தில் ஏறிக் காரிலாவது போய்ச் சேர்ந்திருப்பேன் என்றான். கம்பெனிச் சிப்பந்திகளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அல்லது சொல்ல அனுமதி இல்லை. கடைசியில் அவன் ஊருக்குப் போன் போட்டான். "இனிமே வெச்சிருக்க வேண்டாம் மாமா, எடுத்துடுங்க. தம்பியைக் கொள்ளி வெக்கச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டு, கையிலிருந்த பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதத்து அறிக்கையில் அவனும் சிற்றுண்டி வழங்கப்பட்டவர்களில் ஒருவனாக ஏறியிருப்பான்.

இந்த நாட்டில் விமானத் தாமதம் பணக்காரர்களின் குறை என்று சொல்லிக்கொண்டிருக்கிற முற்போக்கு நண்பர்களுக்கு இவனைத்தான் காட்டுவேன். பணக்காரனுக்கு ஓய்வறை இருக்கிறது. வேறு டிக்கெட் வாங்கப் பணம் இருக்கிறது. பத்துப் பேரிடம் சொல்லி வைக்கச் செல்வாக்கு இருக்கிறது. லீவை நாள் கணக்கில் எண்ணி வாங்கியவன், ஆபரேஷனுக்கு நேரம் குறித்துக்கொண்ட நோயாளி, இன்டர்வியூவுக்குப் போகிற பெண், இவர்கள்தான் இன்று விமானத்தில் நிறைந்திருக்கிறார்கள். காத்திருப்பதிலும் ஏழை அதிக விலை கொடுக்கிறான்.

2025 டிசம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு போதாது, 48 மணி நேரம் வேண்டும். வாரத்தில் இரவில் ஆறு முறை இறங்கலாம் என்பதை இரண்டாகக் குறைக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலேயே வெளியாயிற்று. முழுவதும் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1-ம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு வருஷ அவகாசம்! நாட்டின் உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேல் ஏற்றிச் செல்கிற இண்டிகோ கம்பெனி அதற்கு வேண்டிய விமானிகளை வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்து. 1,852 விமானங்கள் தாமதம். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் நடுவழியில். உடனே சர்க்கார் என்ன செய்தது? அந்தக் கம்பெனிக்கு விமானிகளின் ஓய்வு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. அதன் சேவைகளில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. 2026 ஜனவரியில் ரூ. 22.20 கோடி அபராதம் விதித்தது. அந்தப் பணத்தை அல்லல்பட்ட மூன்று லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ரூ. 740. ஆனால் பங்கிடப் போவதில்லை. அபராதம் பிரயாணிக்குச் சேராது. ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பியது. மிகவும் கஷ்டப்பட்டவர்களுக்கு ரூ. 10,000 மதிப்புள்ள சீட்டுக் கொடுத்தார்கள். எதற்கு? மறுபடியும் அதே கம்பெனியில் பறப்பதற்கு!

இனி எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்போம். 'நேரம் நேரம் என்று நெருக்கினால் விமானி அவசரப்படுவார். உயிருக்கு ஆபத்து' என்கிறார்கள். இது மிகக் கனமான வாதம் போல் தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை ஓடுபாதையில் வெள்ளம் நின்றது, நிலையத்தை மூடினார்கள். யாராவது நிமிஷக் கணக்குக் கேட்டார்களா? புயலில் பறக்கச் சொல்லுகிற பைத்தியக்காரன் எவனும் இல்லை. நான் கேட்பது வேகம் அல்ல, உண்மை. பிந்தும் என்று தெரிந்த அடுத்த நிமிஷமே அதைச் சொல்வதால் எந்த விமானம் கீழே விழும்? ஓய்வில்லாத விமானியை வைத்து அட்டவணையை ஓட்டப் பார்த்தவர்கள் பாதுகாப்பைப் பற்றி நமக்கு உபதேசம் செய்ய வேண்டாம்.

இன்னொரு வாதம், 'நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னால் டிக்கெட் விலை ஏறும், மலிவுப் பயணம் ஒழியும்' என்பது. ஐரோப்பாவில் 2005 பிப்ரவரி முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை பிரயாணி கையில் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் பிந்தி வந்து சேர்ந்தாலும் அதே பணம் உண்டு என்று 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. இதனால் ஐரோப்பாவில் மலிவு டிக்கெட் ஒழிந்துவிடவில்லை. அங்கேதான் அது செழித்திருக்கிறது. கம்பெனிகள் சும்மா இருக்கவும் இல்லை. மூன்று மணி நேரத்தை நாலும் ஆறுமாக உயர்த்தும் யோசனைக்கு 2025 ஜூனில் அந்நாட்டு மந்திரிகள் தலையாட்டினார்கள். ஐரோப்பியப் பாராளுமன்றம் எதிர்த்து நின்றது. அமெரிக்காவிலும் தாமதத்துக்கு ரொக்கம் கொடுக்க வைக்கலாமா என்று 2024 டிசம்பரில் எழுந்த யோசனையை, அடுத்த வருஷமே ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். விட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

சட்டத்தால் ஆகாது என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2007 பிப்ரவரி 14-ம் தேதி நியூயார்க் கென்னடி நிலையத்தில் பனிக்கட்டி மழையில் விமானங்களுக்குள்ளேயே பிரயாணிகள் பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊர் கொந்தளித்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்நாட்டு விமானத்தில் ஜனங்களைத் தரையில் அடைத்து வைக்கக் கூடாது. வைத்தால் ஒரு பிரயாணிக்கு 27,500 டாலர் வரை அபராதம் என்று ஒரு விதி 2010 ஏப்ரல் 29-ம் தேதி அமலுக்கு வந்தது. நடக்காத காரியம், விமானங்களையே ரத்து செய்ய வேண்டிவரும் என்று கம்பெனிகள் மிரட்டின. விதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அப்படி அடைத்து வைத்த சம்பவங்கள் 693. விதிக்குப் பிந்தைய பன்னிரண்டு மாதத்தில் 20. நடக்காத காரியம் ஒரே வருஷத்தில் நடந்தது. விமானங்கள் மாறவில்லை, விமானிகள் மாறவில்லை. ஒரு மனிதனைக் காக்க வைப்பதற்கு விலை என்று ஒன்று ஏற்பட்டது. உடனே காக்க வைப்பது நின்றுவிட்டது.

ஆகவே நான் கேட்பவை நான்கு. ஒவ்வொரு தடத்துக்கும் இத்தனை நிமிஷம் என்று சர்க்கார் ஒரு நிலையான அளவை நிர்ணயித்து முத்திரை போடட்டும். தாமதத்தை அந்த அளவிலிருந்து எண்ணட்டும். கம்பெனி போடுகிற அட்டவணையிலிருந்து வேண்டாம். இரண்டாவது, விமானங்களை எண்ணுவதோடு மனிதர்களையும் எண்ணட்டும். அடுத்த விமானத்தைத் தவறவிட்டவனும், ரத்தான விமானத்துக்குக் காத்திருந்தவனும் கடைசியில் எத்தனை மணி நேரம் பிந்தி வீடு சேர்ந்தார்கள் என்பது அறிக்கையில் வரட்டும். மூன்றாவது, தாமதத்தின் காரணத்தையும் உத்தேச நேரத்தையும் எழுத்தில் பிரயாணியின் கைக்குக் கொடுக்கட்டும். இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகத் தவணை சொல்வது தண்டனைக்குரிய குற்றமாகட்டும். நான்காவது, கம்பெனியின் கையில் இருந்த காரணத்தால் மூன்று மணி நேரம் பிந்தினால், மனுப்போட வேண்டாமல், ரொக்கமாக, பிரயாணியின் கணக்கில் பணம் சேரட்டும். சர்க்கார் கஜானாவுக்குப் போகிற அபராதத்தால் காத்திருந்தவனுக்கு என்ன பிரயோஜனம்?

இவை புரட்சி அல்ல. கத்தரிக்காய்க்கு நாம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற ஏற்பாடுகள்தான். அடுத்த மாதமும் பத்திரிகையில் அந்தப் பட்டியல் வரும். யாரோ ஒரு கம்பெனி முதலிடம் வாங்கியிருக்கும். அதைப் படிக்கிறபோது, 'யார் வைத்த நேரம்?' என்று நீங்களும் ஒரு தபால் அட்டையில் எழுதி டில்லிக்குப் போடுங்கள். ஆயிரம் பேர் எழுதினால், ஒரு நாள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.